இறக்க மறுத்த கலம்

வளர்ச்சி என்னும் சொல் தமிழர் வழக்கில் என்றும் மங்கலச் சொல்லாகவே நின்று வந்திருக்கிறது. பிள்ளை வளர்கிறது, பயிர் வளர்கிறது, பிறை வளர்கிறது என்னுமிடத்துக் கேட்பவர் உள்ளத்தில் மகிழ்ச்சியே தோன்றும். இறப்போ அவ்வாறன்று. அதனைப் பெயர் சொல்லி அழைக்கவும் நாக்கூசும். துஞ்சினார் என்றும், காலமானார் என்றும், சிவபதம் எய்தினார் என்றும் சுற்றி வளைத்தே சொல்வர். இவ்வழக்கிற்கு இலக்கணநூலார் மங்கலம் என்றே பெயரிட்டுத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தனர். வளர்வது நன்று, மடிவது தீது என்னும் பாகுபாடு மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது.

உடம்பு இப்பாகுபாட்டை அறியாது. உடம்பின் உறுப்புகளுள் இரைப்பையை எடுத்துக்கொண்டாலே இவ்வுண்மை விளங்கும். இரும்பையும் அரிக்கவல்ல ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சுரந்து, அதனைத் தன்னுள்ளேயே தேக்கி வைத்திருக்கும் உறுப்பு அது. அமிலம் தன்னையே தின்றுவிடாதவாறு அதன் உட்சுவரைச் சீதப்படலம் ஒன்று போர்த்திருக்கிறது. அச்சீதத்தைச் சுரக்கும் மேற்பரப்புக் கலங்களின் ஆயுள் சில நாள்களே. ஆழத்திலுள்ள குழிகளில் புதிய கலங்கள் பிறந்து மேல்நோக்கி நகர, மேலிருந்த பழைய கலங்கள் தம் பணி முடிந்து மறைகின்றன. ஒரு கிழமைக்கு முன்னர் உணவை ஏற்ற உட்பரப்பு இன்று உணவை ஏற்கும் உட்பரப்பு அன்று. இரைப்பை இடையறாது பிறந்துகொண்டும் இடையறாது இறந்துகொண்டும் இருப்பதனாலேயே மனிதன் மூன்று வேளையும் உண்டு வாழ்கிறான். பிறப்புக்கும் இறப்புக்கும் இடையிலுள்ள இச்சமநிலை குலைந்து, இறக்க வேண்டிய கலம் இறக்க மறுக்குமாயின், அதுவே புற்றுநோயின் தொடக்கமாகும்.

கலங்கள் தற்செயலாக மடிவதோடு, உடம்பின் ஒழுங்கிற்கு அமையத் தாமே தம்மை முடித்துக்கொள்வதும் உண்டு என்னும் எண்ணம் உயிரியலில் மெல்ல மெல்லவே வேரூன்றியது. தவளையின் வாற்பேய் தன் வாலை இழப்பதும், கருவிலிருக்கும் குழந்தையின் விரல்களுக்கு இடையேயுள்ள சவ்வு மறைவதும் இத்தகைய இறப்பினாலேயே. 1972 ஆம் ஆண்டு, ஸ்கொத்லாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்திலிருந்து கெர், வைலி, கறி ஆகிய மூவர் எழுதிய கட்டுரை இவ்விறப்புக்குத் தனியொரு பெயரைச் சூட்டியது. அப்பல்கலைக்கழகத்துக் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கோமாக் எடுத்துக்கொடுத்த அப்பெயர் அப்போற்றோசிசு என்பது. மரத்திலிருந்து இலையும், மலரிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. விஞ்ஞானிகள் தமக்கு வேண்டிய சொல்லைத் தேடி மொழிப் பேராசிரியரின் கதவைத் தட்டினர் என்பது கலைப்பீடத்தாரும் விஞ்ஞானபீடத்தாரும் சேர்ந்து எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. பின்னர், மில்லிமீற்றர் ஒன்றளவே நீளமுள்ள ஓர் உருளைப்புழு வகையில், வளர்ச்சிக் காலத்தில் தோன்றும் 1090 உடற்கலங்களுள் 131 கலங்கள் தவறாது குறித்த வேளையில் இறக்கின்றன என்பது எண்ணிக் காட்டப்பட்டது. அவ்வழியில் உழைத்த பிரெனர், ஹோர்விற்ஸ், சல்ஸ்ரன் ஆகியோர் 2002 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவ்விறப்பிற்கும் காயத்தினாலோ நஞ்சினாலோ நேரும் இறப்பிற்கும் உள்ள வேறுபாட்டைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்பவர் எளிதில் உணரக்கூடும். சீனன்குடாவின் காட்டினுள்ளே பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் நடந்த யப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று தீப்பற்றி எரிந்தது. இரும்பு உருகி வளைந்தது, எண்ணெய் கொழுந்துவிட்டது, சுற்றிலுமிருந்தவற்றிற்கும் கேடு விளைந்தது. காயமுற்ற கலத்தின் இறப்பு இத்தகையது. கலம் வீங்கி வெடித்துத் தன் உள்ளீட்டை அயலில் கொட்ட, அயற்கலங்கள் அழற்சியுறுகின்றன. அதே துறைமுகக் கரையில் கடலுக்கு இனி உதவாத பழைய வள்ளத்தைப் பிரிப்பதையும் காணலாம். பலகை பலகையாகக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, உதவுவதை உதவுமிடத்திற்கு எடுத்துச் சென்ற பின்னர் மணலில் ஒரு தடமே எஞ்சும். நிரலிட்ட இறப்பு இவ்வாறு நிகழ்வது. கலம் சுருங்குகிறது, அதன் கரு துண்டுபடுகிறது, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து அயற்கலங்களால் விழுங்கப்படுகிறது. அழற்சியில்லை, ஆரவாரமுமில்லை.

இவ்விறப்பை ஆணையிடுவது யார்? இவ்வினாவிற்கு விடை தேடியவர்கள், எதிர்பாராத ஓரிடத்தில், அதாவது வளர்ச்சிக் காரணிகள் எனப் பெயர் பெற்ற புரதங்களிடத்தில், ஒரு விடையைக் கண்டனர்.

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு கலம் மற்றொரு கலத்துக்கு அனுப்பும் செய்தி. 1950களில் ரீற்றா லெவி மொந்தால்சினி என்னும் இத்தாலியப் பெண்மணியும் ஸ்ரான்லி கோகன் என்பவரும் ஐக்கிய அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் நரம்பு வளர்ச்சிக் காரணியை இனங்கண்டனர். பின்னர் கோகன் மேற்றோல் வளர்ச்சிக் காரணியையும் கண்டறிந்தார். பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு அதனை ஊசி மூலம் ஏற்றியபோது அவை உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தனவாம். இருவருக்கும் 1986 இல் நோபெல் பரிசு கிடைத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி கிடைக்காத நரம்புக் கலங்கள் வளராமலிருப்பதோடு நில்லாமல் இறந்தும் போகின்றன. ஆதலின் கலம் உயிர்வாழ்வதற்கே பிற கலங்களின் சொல் வேண்டும் என்னும் கருத்து உருவாயிற்று. 1990களின் தொடக்கத்தில் இலண்டனைச் சேர்ந்த மாற்றின் ராவ் இக்கருத்தை விரித்துரைத்தார். அயலாரின் குரல் நின்றால் கலம் தன்னை முடித்துக்கொள்ளும். மௌனமே அதற்கு மரண ஆணை.

மௌனம் மட்டுமன்று, சொல்லும் கொல்லும் என்பது மற்றொரு காரணியின் வரலாற்றில் வெளிப்பட்டது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அமெரிக்க ஆய்வாளர் சிலர் புற்றுக் கலங்கள் சுரக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இயல்பான கலங்களையும் புற்றுக் கலங்களைப் போலப் பற்றுக்கோடின்றி வளரச் செய்யும் ஆற்றல் அதற்கிருந்தது. ஆகவே அதற்கு உருமாற்று வளர்ச்சிக் காரணி என்று பெயரிட்டனர். அதன் பீட்டா வகையே இங்குப் பேசப்படுவது. ஆனால் 1984 ஆம் ஆண்டளவில் விந்தையான உண்மையொன்று தெரியவந்தது. மேலணிக் கலங்களின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் பொருளென வேறோர் ஆய்வுகூடம் தேடி வந்ததும் இதே காரணியாகவே தோன்றியது. 1990களில் யப்பானிலும் கொரியாவிலும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்பட்ட இரைப்பைப் புற்றுக் கலவகைகள் சில, இக்காரணியைப் பெற்றதும் பெருகுவதை நிறுத்தியதோடு நிரலிட்ட முறைப்படி இறக்கவும் செய்தன. வளர்ச்சி எனப் பெயர் தாங்கியது இறப்பின் தூதாகவும் விளங்கியது. மங்கலப் பெயரினுள்ளே அமங்கலப் பொருள் ஒளிந்திருந்தது எனலாம்.

இவையனைத்தும் ஆய்வுகூடத்துச் செய்திகள். ஆயினும் இவை ஒரு வீட்டின் விறாந்தைக்கு வந்த கதையும் உண்டு. திருகோணமலையின் உட்துறைமுகத்தை அண்டிய தெருவொன்றில் வாழ்ந்த முதியவர் ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இழுவைப் படகுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய இளைய மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றாள். முதியவருக்கு மேல்வயிற்றில் நோவு தொடங்கியபோது அயலார் அனைவரும் சொன்னது போல அவரும் அதனை வாய்வு என்றார்; பிறகு காஸ்ரிக் என்றார். கடையில் வாங்கிய குளிசைகள் சில மாதம் அந்நோவை மறைத்தன. நான்கு வாய் சோறுண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என எழுந்துவிடுவார். சாரத்தின் முடிச்சு நாளுக்கு நாள் உள்ளே போயிற்று. ஈற்றில் வாய் வழியே கமரா விட்டுப் பார்த்து, ஒரு சிறு இழையத் துண்டு எடுத்துச் சோதித்தபோது அது இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது.

உறவினர் கூடினர். அவருக்குச் சொல்ல வேண்டாம், அல்சர் என்றே சொல்லிவிடுவோம் என்றனர். இது கொடுமையினால் எழுந்த சொல்லன்று, அன்பினால் எழுந்தது. நோயின் பெயரைக் கேட்டாலே மனிதர் இடிந்து போவர் என்பது அவர்தம் அச்சம். மகள் அதற்கு இணங்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு உடன்பட வேண்டியவர் அவர். பணத்தையும் வீட்டையும் ஒழுங்கு செய்ய வேண்டியவரும் அவர். தன் உடம்பில் நடப்பதை அறியாத ஒருவர் எதற்கு உடன்படுவார் என்று கேட்டாள். ஒரு மாலைப்பொழுதில் அவளே தந்தையிடம் சொன்னாள். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, அது என்னவென்று விளங்கச் சொல் என்றார்.

அவள் தான் படித்தவற்றைச் சொன்னாள். வளர்ச்சிக் காரணி சாவதற்கும் சொல்லும் என்ற இடம் வந்ததும் அவர் இடைமறித்தார்.

"வளரச் சொல்ற சாமான் எப்பிடிப் பிள்ளை சாகவும் சொல்லும்?"

"சொல்லு ஒண்டுதான் அப்பா. கேக்கிற கலம் எந்த நிலையில இருக்கு எண்டதைப் பொறுத்துத்தான் கருத்து."

அவர் சிறிது எண்ணிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"விளங்குது. நீலக் கொடியில நடுவுக்கு வெள்ளைச் சதுரம் இருக்குமே, துறைமுகத்துக்குள்ள நிக்கேக்க அதை ஏத்தினா, கப்பல் வெளிக்கிடப் போகுது, எல்லாரும் ஏறுங்கோ எண்டு கருத்து. கடலுக்குள்ள மீன்பிடிக் கப்பல் அதே கொடியை ஏத்தினா, வலை எதிலயோ சிக்கிப்போச்சு எண்டு கருத்து. கொடி ஒண்டுதான்."

சர்வதேசச் சைகைக் கோவையை அறிந்த எவரும் அவர் கூற்றை ஏற்பர். உயிர்வேதியியலாரும் அதனை மறுக்க இடமில்லை. ஏனெனில் கலத்தினுள்ளே நடப்பதும் அதுவே. உருமாற்று வளர்ச்சிக் காரணி-பீட்டா கலத்தின் மென்சவ்வில் நிற்கும் இரண்டாம் வகை வாங்கியைப் பற்றுகிறது. அவ்வாங்கி முதலாம் வகை வாங்கியைத் துணைக்கழைத்து அதன்மேல் பொசுபேற்றை ஏற்றுகிறது. அங்கிருந்து சிமாட் எனப்படும் புரதங்கள் செய்தியைச் சுமந்து கருவினுள் நுழைகின்றன. கருவினுள் அவற்றிற்குத் துணையாக எப்புரதம் காத்திருக்கிறதோ அதற்கேற்பவே விளைவு அமைகிறது. நாரிழையக் கலமாயின் நார்களை நெய்யத் தொடங்கும். இரைப்பையின் மேலணிக் கலமாயின், ரன்க்ஸ்-3 என்னும் புரதம் சிமாட்டுகளோடு கைகோத்துப் பிம் என்னும் பரம்பரையலகை எழுப்பும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. பிம் புரதம் இழைமணிகளின் சுவரைத் திறக்கும் ஆற்றல்களை ஏவிவிடுகிறது. கலத்துக்குச் சத்தி வழங்கும் அவ்விழைமணிகளிலிருந்து சைற்றோகுரோம்-சி கசிகிறது. அதுவரை உறங்கிக் கிடந்த காஸ்பேசு நொதியங்கள் விழித்தெழுந்து, கலத்தின் தூண்களையும் உத்தரங்களையும் ஒழுங்காகக் கழற்றத் தொடங்குகின்றன. வள்ளம் பிரிக்கப்படுகிறது.

இச்செய்தி கேளாத கலமே புற்றாகிறது. 1994 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இக்காரணிக்கு அடங்காத இரைப்பைப் புற்றுக் கலவகைகளிற் பலவற்றில் இரண்டாம் வகை வாங்கியின் பரம்பரையலகே பழுதுபட்டிருப்பதைக் காட்டியது. வாசலில் கொடியைப் பார்க்கும் காவலனே இல்லை. 2002 ஆம் ஆண்டு, யப்பானிய விஞ்ஞானி யோசியாக்கி இத்தோவும் அவர் கூட்டாளிகளும் இன்னும் உள்ளே சென்று பார்த்தனர். ரன்க்ஸ்-3 நீக்கப்பட்ட எலிகளின் இரைப்பைச் சீதச்சவ்வு தடித்திருந்தது; அக்கலங்கள் காரணியின் இறப்புச் செய்திக்குச் செவிசாய்க்கவில்லை. மனித இரைப்பைப் புற்றுக்களில் 45 முதல் 60 வீதமானவற்றில் அப்பரம்பரையலகு போதிய அளவு பேசுவதில்லை என்றும் அவர்கள் அறிவித்தனர். பெரும்பாலும் அது அழிந்துபோகவில்லை. மெதைல் கூட்டங்கள் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்திருந்தன. இவ்வாறு வாயடைக்கப்பட்ட பரம்பரையலகுகள், நெடுநாள் அழற்சியுற்ற இரைப்பையில் புற்று தோன்றுமுன்னரே காணப்படுவதுண்டு.

விஞ்ஞானத்தில் ஒரு முடிபு வெளியானதும் விவாதம் முடிந்துவிடுவதில்லை. 2011 இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இயல்பான இரைப்பை மேலணியில் ரன்க்ஸ்-3 காணப்படவே இல்லையென்றும், ஆதலின் அது அங்கே காவல் புரிகிறது என்னும் கொள்கை ஐயத்திற்குரியது என்றும் எழுதினர். ரன்க்ஸ்-3 பற்றிய வழக்கு எவ்வாறு தீர்ந்தாலும், இரைப்பைப் புற்றுக் கலங்கள் பல இக்காரணியின் சொல்லைக் கேளாதவை என்பது மறுக்கப்படவில்லை. அவை செவிடான வழிகளே பல.

இதனினும் கொடிய நிலை ஒன்றுண்டு. செவிடான கலம் வாயடைத்து நிற்பதில்லை. தான் கேளாத அதே காரணியை அது தானே மிகுதியாகச் சுரந்து அயலில் பரப்புகிறது. அயலிலுள்ள நாரிழையக் கலங்களோ நற்செவி உடையவை. அவை அச்சொல்லைக் கேட்டு நார்களை நெய்து குவிக்கின்றன. பரவு வகை இரைப்பைப் புற்றுநோயில் இரைப்பைச் சுவர் முழுவதும் தோற்பை போல விறைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நோயெதிர்க்கும் கலங்களும் அதே சொல்லால் அடங்கிப் போகின்றன. தொடக்கத்தில் புற்றைத் தடுத்த செய்தி பிற்பட்ட நிலையில் புற்றுக்கே ஏவல் செய்கிறது. ஆகவே இக்காரணியை மருந்தாகக் கொடுப்பதா, மருந்தால் தடுப்பதா என்பது நோயின் எந்தப் பருவத்தில் என்பதைப் பொறுத்த வினாவாகிவிட்டது. எளிய விடை தேடுவோருக்கு இயற்கை இங்கு இடங்கொடுக்கவில்லை.

வேறு காரணிகளின் வழியே சில பயன்கள் கிட்டியுள்ளன. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹேர்-2 என்னும் வாங்கி இரைப்பைப் புற்றுநோயாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. அது 'வாழ்க, பெருகுக' என்று ஓயாது கூவும் வாங்கி. அதனைப் பற்றி அடக்கும் திராஸ்துசுமாப் என்னும் மருந்தை வழமையான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, முற்றிய நோயுடையோரின் இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாக உயர்ந்தது என 2010 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறியது. நூற்றாண்டுக் கால உயிரியலின் விளைவு மூன்று மாதத்துக்கும் குறைந்த ஆயுளா என்று சலிப்போர் உளர். மகளின் திருமணத்தையோ பேரனின் முதற் பள்ளி நாளையோ காத்திருக்கும் ஒருவருக்கு அம்மாதங்கள் சிறியவையல்ல. ஆயினும் முற்றிய பின்னர் பெறும் மாதங்களிலும் முற்றுமுன்னர் பெறும் ஆண்டுகள் பெரியவை என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் திருகோணமலை போன்ற இடங்களின் இடர்ப்பாடு புலப்படுகிறது. 2022 இல் உலகில் ஏறத்தாழ 9 இலட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் கிழக்காசியர். நோய் மிகுந்த யப்பானிலும் கொரியாவிலும் குறித்த வயதைக் கடந்தோருக்கு இரைப்பைச் சோதனை நாட்டு வழமையாகிவிட்டது. கொரியாவில் நாற்பதைத் தாண்டியோர் இரண்டாண்டுக்கொருமுறை அழைக்கப்படுகின்றனர். அதனால் நோய் சிறிதாயிருக்கும்போதே அகப்படுகிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னை ஆண்களிடையேயும் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் நின்றதை அந்நகரின் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியது. இலங்கையிலோ அது ஒப்பீட்டளவில் அரிது. வாய்ப்புற்று போன்றவையே ஆண்களிடம் மிகுதி. அரிதாயிருப்பது நற்பேறு. ஆனால் அரிதான நோயை எவரும் ஐயுறுவதில்லை என்பதே அதன் மறுபக்கம். நூறு பேரின் வயிற்றுநோவு வெறும் காஸ்ரிக்காகவே இருக்க, நூற்றோராவது மனிதரின் நோவும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டுக் குளிசைக்குள் மறைகிறது.

காரணங்களுட் சில அறியப்பட்டவையே. 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வொறன், மார்ஷல் ஆகியோர் கண்டறிந்த எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியா இரைப்பையில் பல்லாண்டு குடியிருந்து அழற்சியை வளர்க்கிறது. 1994 இல் அது மனிதரில் புற்றை உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகளால் அதனை அகற்ற இயலும். புகைத்தல் மற்றொரு காரணம். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை மிகுதியாக உண்பதும் ஆபத்தைக் கூட்டும் என்பர். குளிரூட்டிகள் பரவிய நாடுகளில் இந்நோய் குறைந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் காட்டுவர். கருவாடு கடற்கரை மக்களின் ஏழ்மைக்கு உதவிய உணவு. அதனை இகழ்வதற்கில்லை, அளவை எண்ணுவதற்கு மட்டும் இடமுண்டு. சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டு வகையாகப் பகுத்து வயிற்றுநோவுகள் அனைத்தும் ஒன்றல்ல என்று முன்னரே உணர்த்தின. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களும் மேலை மருத்துவம் பயில்வோரும் இந்த ஓரிடத்தில் ஒரே குரலில் பேசலாம். சில கிழமைகள் தொடரும் அசீரணம், சிறிதுண்டதும் நிறைவு, காரணமின்றி மெலிவு, கறுத்த மலம், விழுங்கத் தடை ஆகியன நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவரிடம் தோன்றின், குளிசை வாங்குமுன் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அச்சொல்.

முதியவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. மருந்தேற்றலுக்காக இரவுப் புகையிரதத்தில் கொழும்பு சென்று மகரகமவில் தங்கித் திரும்பும் நாள்கள் தொடர்ந்தன. வடக்கிலே தெல்லிப்பழையில் 2013 இல் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதும், மட்டக்களப்பில் அத்தகைய பிரிவு இயங்குவதும் தமிழ் பேசும் நோயாளர் பலரின் அலைச்சலைக் குறைத்துள்ளன. எனினும் மொழி தெரியாத வாட்டில் தன் நோவை விரலால் சுட்டிக் காட்டிய முதியோர் எத்தனை பேரோ! அவர் ஏறத்தாழ இரண்டாண்டு வாழ்ந்தார். காணி உறுதியை மாற்றினார். பழைய கடன் ஒன்றைத் தீர்த்தார். நெடுநாள் பேசாதிருந்த தமையனாரை நேரிற் சென்று பார்த்தார். அல்சர் என்று நம்பியிருந்தால் இவற்றுள் எதனையும் அவர் அவசரமாகக் கருதியிருக்கமாட்டார். இறுதி மாதத்தில் தன்னைக் காண வந்தவர்களுக்கு நோயின் பெயரை அவரே சொன்னார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கலம் உடம்புக்காக இறப்பது அழகென்று கண்டவர்கள், மனிதனும் சமூகத்துக்காக அவ்வாறே மடிய வேண்டுமென்று உவமையை நீட்டிவிடுவர். அது பெரும்பிழை. கலத்துக்கு வேறு வாழ்வில்லை; அது உடம்பின் உறுப்பு. மனிதன் எவருடைய உறுப்பும் அல்லன். உதிரும் இலையைக் காட்டி உயிர்களை உதிர்க்கச் சொன்ன உவமைகள் உலகெங்கும் குருதி சிந்தியிருக்கின்றன. கிழக்கு மாகாணத்து மண் அதனை நன்கறியும். உயிரியலிலிருந்து எடுக்கத்தக்க படிப்பினை வேறு. கேட்க வேண்டிய செய்தி கேட்கப்படாதபோது கேடு தொடங்குகிறது என்பதே அது. வாங்கி பழுதுபட்டாலும், பரம்பரையலகு வாயடைக்கப்பட்டாலும், நோவு குளிசையால் மறைக்கப்பட்டாலும், நோயின் பெயர் அன்பினால் ஒளிக்கப்பட்டாலும் நேர்வது ஒன்றே: செய்தி உரியவரைச் சென்றடைவதில்லை.

ஆய்வுகூடங்கள் இன்று தேடுவன பெரும்பாலும் கலத்தின் செவியைத் திறக்கும் வழிகளையே. ஒட்டிய மெதைல் கூட்டங்களைக் கழற்றி, உறங்கும் பரம்பரையலகை எழுப்ப முயல்வோர் உளர். பிம் புரதத்தின் வேலையைத் தாமே செய்யும் சிறு மூலக்கூறுகளை ஆக்குவோரும் உளர். அவை பயன்தரும் காலம் வரும். அதற்கு முன்னர் செய்யத்தக்கது, நோயைப் பற்றி நோயாளருக்கு விளங்கும் தமிழிற் பேசக்கூடிய மருத்துவரையும் தாதியரையும் ஆசிரியரையும் உருவாக்குவது. கலம், வாங்கி, இழைமணி, நொதியம் என்னும் சொற்கள் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடாமல் விறாந்தை வரை வருமாயின், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் நிற்கும் ஒருவரை வைத்தியசாலை வாசலுக்கு அனுப்ப அவை உதவும்.